தொட்டியை நிரப்பாத பாஸ்டர்

2019 பெப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று ஐம்பது. வெக்கை முப்பத்து நான்கு பாகை, மேற்கிலிருந்து வறண்ட காற்று, வானத்தில் முகில் என்று சொல்ல ஒன்றுமில்லை. மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எழுநூற்றுப் பத்துக் காலடி தூரத்தில் இருக்கும் பாப்டிஸ்ட் சபை மண்டபத்தில், கடைசி வரிசையில், கதவிலிருந்து இரண்டாவது கதிரையில் நான் இருந்தேன். முன்னால் ஒரு மேசை. மேசையில் ஒரு பிஸ்கட் தகரம். மடித்த கடதாசிகள் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்துகொண்டிருந்தன. பாஸ்டரை வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று சபையார் வாக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சைவன். அந்தச் சபையில் எனக்கு வாக்குமில்லை, வேலையுமில்லை. ஆனால் அந்த மனிதரை ஐந்து வருடமும் எட்டு மாதமும் கண்காணித்து வந்தவன். முடிவைப் பார்க்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் பாஸ்டர் என்றால் அவர்தான். அறுபத்திரண்டு வயது, ஆறடி இரண்டு அங்குலம், இடது தோள் வலது தோளைவிட ஓரங்குலம் இறக்கம். சப்பாத்து ஒரே சோடி. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது 2013 ஜூனில், வெள்ளை வான் வண்டியின் கூரையில் ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு. படகில் வந்து, ஏழு மாதம் தடுப்பு முகாம்களில் இருந்து, வழக்கு முடியும்வரை வெளியே இருக்கவிடும் பிரிட்ஜிங் விசாவில் விடப்பட்ட என் தங்கையின் மகன் நேசன் எங்களோடு தங்க வந்திருந்தான். எங்களிடம் மேலதிகப் படுக்கை இல்லை என்று இந்த மனிதருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெத்தையை இறக்கினார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், போய்விட்டார். நான்கு நிமிடம். நான் மெத்தையின் உறையைக் கழற்றி நான்கு மூலையையும் தடவிப் பார்த்தேன். பைபிளோ, துண்டுப் பிரசுரமோ கட்டாயம் இருக்கும் என்று நினைத்தேன்.

"என்ன தேடுறியள்?" என்றாள் மனைவி.

"ஒருத்தன் சும்மா மெத்தை தருவானோ?"

"மூட்டைப்பூச்சியைத் தேடினாலும் ஒரு நியாயம் இருக்கு. இவர் யேசுவைத் தேடுறார். பெடியன் நித்திரை தூங்கி விழுகிறான், விடுங்கோவன்."

உறைக்குள் ஒன்றுமில்லை. அதுதான் என் முதல் சந்தேகம்.

என் பயத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தங்கை 2009இல் போய்விட்டாள். நேசனைத் தவிர அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. வருடத்துக்கு ஒருதரம் அவளுடைய திதியில் எள்ளும் தண்ணீரும் இறைக்க உலகத்தில் ஒரேயொரு கைதான் மிச்சம். அந்தக் கையை இந்த நெட்டை மனிதர் ஒரு மெத்தையைக் கொடுத்து வாங்கிவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சபை மண்டபத்தில் அகதிகளுக்குச் சாப்பாடு நடக்கும். நாற்பது பேர் வரையில் வருவார்கள், பாதிப் பேர் எங்கள் ஆட்கள். மொழிபெயர்க்க வரமுடியுமா என்று பாஸ்டர் கேட்டார். உடனே ஓம் என்றேன். உதவி செய்வதற்காக அல்ல. உள்ளே போய்ப் பார்ப்பதற்காக.

பாப்டிஸ்ட்காரர் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. வளர்ந்த ஆள் தானாக வந்து கேட்டால், தொட்டியில் இறக்கி முழுதாக முக்கி எடுப்பார்கள். அப்படி முக்கப்பட்டவர்தான் சபையில் அங்கத்தவர். அங்கத்தவருக்குத்தான் வாக்கு. பாஸ்டர் இருப்பதையும் போவதையும் தீர்மானிப்பது பிஷப் இல்லை, அந்த வாக்குத்தான். இதையெல்லாம் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் விசாரித்து அறிந்துகொண்டேன். தொட்டி மேடைப் பலகைக்குக் கீழே இருந்தது. மேலே நீலக் கம்பளம். பாஸ்டர் தண்ணீரில் நிற்கும்போது அங்கிக்குள் போடும், மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டை ஒன்று பக்கத்து அறையில் தொங்கியது. நேசன் அதைக் கண்டுவிட்டு, "மாமா, இவர் மீன்பிடிக்கிறவரோ?" என்றான். "ஓம்," என்றேன், "கவனமாய் இரு."

ஒவ்வொரு கிழமையும் யாரும் பார்க்காத நேரத்தில் கம்பளத்தின் மூலையைத் தூக்கிப் பலகை ஈரமா என்று பார்ப்பேன். ஐந்தரை வருடத்தில் அந்தத் தொட்டி இரண்டு தரம் நிரம்பியது. இரண்டு தரமும் சபைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வெள்ளிக்கிழமை பிடித்தது. யாரிடமாவது எதையாவது கேட்கப் போனால், அது ஒரு விலாசமோ கையெழுத்தோ ஆனாலும், முதலில் எழுந்து தன் கதிரையை மாற்றுவார். அந்த ஆளுக்கும் கதவுக்கும் நடுவில் தான் இல்லாதபடி இருந்துகொண்டுதான் கேட்பார். தடுப்பு முகாமின் பார்வையாளர் அறையிலும் அப்படித்தான். அங்கே கதவு பூட்டியிருக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும். இவர் மட்டும் கதவுப்பக்கக் கதிரையை உள்ளே இருப்பவருக்கு விட்டுவிட்டுச் சுவரோடு ஒடுங்கியிருப்பார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எழும்பிப் போக முடியாத ஆளிடம் கேட்டால் அது கேட்பதாகாது, ஐயா," என்றார். 'ஐயா' மட்டும் தமிழ். எங்களிடம் அவர் பொறுக்கிக்கொண்ட ஒரே சொல்.

நல்ல வசனம். நல்ல வசனம் பேசுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தொடர்ந்து பார்த்தேன். அகதிகளிடமிருந்து எதையும் வாங்கமாட்டார். மண்டபத்துப் புல்லை நாங்கள் வெட்டித் தருகிறோம் என்று பெடியள் நின்றால் வேண்டாம் என்று தானே வெட்டுவார், கோணல்மாணலாக, பார்க்கச் சகிக்காது. "பாஸ்டர் தலைமயிர் வெட்டுற வேலைக்குப் போகாதது சனத்தின்ரை புண்ணியம்," என்பான் நேசன்.

பாஸ்டர் இரண்டு தரம் கைதானவர். சிறுபிள்ளைகளைத் தடுப்பு முகாமில் வைத்திருப்பது எப்போது முடியும் என்று கேட்டு, ஓர் அரசியல்வாதியின் அலுவலகத் தரையில் வேறு ஏழு பாதிரிமாரோடு இருந்து ஜெபித்தார். பொலிஸ் தூக்கும்வரை எழும்பவில்லை. காவலில் இறந்த பழங்குடிப் பிள்ளைகளின் தாய்மார் ஊர்வலம் போனால், கடைசி வரிசையில் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். படத்துக்காகத்தான் இதெல்லாம் என்று நினைத்துப் பேப்பர்களைத் தேடிப் பார்த்தேன். மூன்று பேப்பர், ஆறு படம். ஒன்றில் அவருடைய முழங்கை மாத்திரம் இருந்தது.

இரண்டாவது தரம் நேசனும் போக வெளிக்கிட்டு வானில் ஏறி இருந்துவிட்டான். சட்டத்தோடு முரண்பட்டால் திரும்ப உள்ளே போகவேண்டும் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்த விசா அவனுடையது. பாஸ்டர் வானை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்: "கைது எனக்கு ஒரு பின்னேரம். உனக்கு அது மிச்ச வாழ்க்கை. இறங்கு." இறக்கிவிட்டுத்தான் போனார்.

2016 ஓகஸ்டில் நேசனுக்கு விசா நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அன்று பின்னேரம் என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, பாஸ்டரிட்டை ஒரு விசயம் கேக்கவேணும். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லவேணும், கூட்டிக் குறைக்கக் கூடாது."

"என்னத்தை?"

"எனக்கு ஞானஸ்நானம் வேணும்."

குசினியில் மனைவி தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"ஆரடா உனக்கு இதைச் சொன்னது?"

"பேக்கரியிலை என்னோடை வேலை செய்யிற பெடியள். நான் சபை ஆள் எண்டு பாஸ்டர் எழுதித் தந்தால் இமிகிரேசன்காரர் என்னிலை கைவைக்க யோசிப்பாங்களாம்."

"அம்மாவின்ரை திதிக்கு ஆர் இறைக்கிறது?"

"என்னைத் திருப்பி அனுப்பினால் எனக்கு ஆர் இறைக்கிறது, மாமா?"



அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பதினொரு வசனம் சொன்னான். பதினொன்றையும் நான் ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதுபோல் கசப்பான வேலை நான் வேறு செய்ததில்லை. மூன்று வருடமாக எதைத் தடுக்க அங்கே போய்வந்தேனோ அதை என் வாயாலேயே கேட்டேன். பாஸ்டர் கேட்டு முடித்து, கதிரையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "இல்லை," என்றார்.

"கடிதம் நாளைக்கே தருகிறேன். நான் அறிந்ததை எல்லாம் எழுதுகிறேன். தண்ணீர் தரமாட்டேன். விசா வந்த மறுநாள் வரட்டும். அப்போதும் வேண்டுமென்றால் குழாயை நானே திறக்கிறேன். இப்போது அவன் வெள்ளத்தில் நிற்கிறான், கயிறு என் கையில் இருக்கிறது. இந்த நிலையில் நான் அவனிடம் எதையும் வாங்கக்கூடாது, அவனுடைய நம்பிக்கையையும்கூட."

அப்படியே தமிழில் சொன்னேன். நேசன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

"மாத்திச் சொல்லிப்போட்டியள், மாமா."

"சத்தியமாய் இல்லையடா."

"பாதிரி ஒருத்தர் ஞானஸ்நானம் தரமாட்டன் எண்டு சொல்லுவாரோ? ஊரிலை கேட்டாலும் சிரிப்பினம். உங்களுக்கு விருப்பமில்லை, அதுதான்."

அவனைக் குறைசொல்ல முடியாது. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். தமிழ் விளங்காவிட்டாலும் எங்கள் முகங்களைப் பார்த்து பாஸ்டருக்கு விசயம் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன பெடியனுக்கும் பிடிபடக்கூடிய ஆங்கிலத்தில், கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்: விசா முதல். தண்ணீர் பிறகு. உன் மாமா சரி.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது, பத்து நிமிடத்துக்கு. வீட்டுக்கு நடந்து வரும்போதே அது போய்விட்டது. தேடி வருகிறவனையும் திருப்பி அனுப்புகிற பாதிரிக்கு வேறு என்ன வேண்டும்? அவரைப் பற்றி நான் குறித்துவந்த கொப்பியின்படி 2018 வரையில் ஒன்பது பேர் கேட்டார்கள். ஒன்பது பேருக்கும் இல்லை என்றுதான் பதில்.

அந்த ஒன்பதில் ஒருவர் எனக்கு முள். வவுனியாவில் லொறி ஓட்டியவர், ஐம்பத்தாறு வயது. ஞாயிறு தவறாமல் வருவார். தமிழ் பைபிளை விரல்வைத்து வரிவரியாகப் படிப்பார். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் நான்தான் மொழிபெயர்த்தேன். கடைசித் தரம், "எனக்கு விசா வராட்டிலும் பரவாயில்லை பாஸ்டர், இதைத் தாங்கோ," என்றார். பாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் அவர் அசையவில்லை. இவருக்குத் திறந்தால், விசாவுக்காகக் கேட்டவர்களும் நாளைக்கு இதே வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும், அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளமாட்டேன் என்றார். 2018 மே மாதம் களஞ்சியசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் விழுந்து அங்கேயே முடிந்துபோனார். விசாவும் கிடைக்கவில்லை, தண்ணீரும் கிடைக்கவில்லை.

அடக்கத்தைப் பாஸ்டர்தான் நடத்தினார். எல்லாரும் போனபின் கேட்டேன்: "உங்கள் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகவா அவரைக் காக்க வைத்தீர்கள்?"



"இருக்கலாம், ஐயா," என்றார்.

அவர்மேல் நான் வைத்திருந்த சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கும் என்று படுகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம் வரும்.

அதே வருடம் ஒக்டோபரில் நேசனுக்கு ஐந்து வருட விசா வந்தது. மறுநாள் அவன் போனது பாஸ்டரிடம் அல்ல, முருகன் கோயிலுக்கு. மொட்டை போட்டு நேர்த்தியைத் தீர்த்துவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை அந்த மொட்டையைக் கண்ட பாஸ்டர் மண்டபம் அதிரச் சிரித்தார். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, அவன் தலையைக் குனிந்து கொடுத்தபின் ஒருதரம் தடவினார்.

2019 ஜனவரியில் பாஸ்டரைப் பற்றி வாக்கெடுப்பு என்று அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டு கைதுகளும் ஒரு காரணம். பெரிய காரணத்தைச் சொன்னவர் சபை மூப்பர்களில் ஒருவர், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தொட்டியைப் பராமரிப்பதும் அவர்தான். கெட்ட மனிதர் அல்ல. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிப்பவர். "வாரம் நாற்பது பேர் இங்கே சாப்பிடுகிறார்கள். ஐந்து வருடத்தில் அவர்களில் ஒருவரையாவது இவர் தண்ணீருக்குக் கொண்டுவந்தாரா? பிறகு நமக்கு எதற்கு ஒரு போதகர்?" என்று கேட்டார். நான் இத்தனை காலமாகக் கேட்டுவந்த கேள்வியை அவர் மறுபக்கம் நின்று கேட்டார். எனக்கு அவரோடு போய்க் கைகுலுக்க வேண்டும்போல இருந்தது.

வாக்கெடுப்புக்கு எட்டு நாள் இருக்க, நேசனும் வேறு ஏழு பெடியளும் பாஸ்டர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று என்னைக் கூட்டிப்போக வந்தார்கள். விசயத்தைக் கேட்ட மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "துவாயையும் கொண்டு போங்கோ. எட்டோடை ஒன்பதாய் உங்களையும் இறக்கிப்போடுவார்."

பாஸ்டர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். நேசன்தான் தொடங்கினான்.

"பாஸ்டர், உங்கட பக்கம் ஆக்கள் காணாதாம். எங்களை முக்குங்கோ. எட்டுப் பேர் நிக்கிறம், எட்டு வாக்கு."

"பதினெட்டு நாள் கடலிலை முழுகி வந்தனாங்கள்," என்றான் இன்னொருவன். "இந்தத் தொட்டி என்ன பெரிய தொட்டியே?"

நான் மொழிபெயர்த்தேன். முக்கப்பட்ட அன்றே அங்கத்தவர் புத்தகத்தில் பெயர் ஏறும் என்பது அந்தச் சபையின் விதி என்பதையும் என் பங்குக்குச் சேர்த்துச் சொன்னேன். கேட்காமல் நான் கூட்டிச் சொன்னது அந்த ஒரு தரந்தான். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார். விசாவுக்காகக் கேட்டபோது தரமுடியாததைத் தன்னுடைய வேலைக்காக எப்படித் தருவது என்றார்.

"எனக்கு விசா வந்திட்டுது," என்றான் நேசன். "உங்கட விதிப்படி எனக்குத் தரத்தானே வேணும்."

பாஸ்டர் கையில் இருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போட்டார். "ஓம். உனக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல். நான் நாளைக்கு இந்தச் சபையில் இல்லையென்றால், அப்போதும் உனக்கு இது வேண்டுமா?"

நேசன் தலையைத் தடவினான். மொட்டையில் நான்கு மாத மயிர் முளைத்திருந்தது. என்னைப் பார்த்தான், நான் உதவவில்லை. "நோ, பாஸ்டர்," என்றான் மெல்ல.

பாஸ்டர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஐந்து வருடத்தில் இவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து 'இல்லை' என்று சொன்னது இன்றைக்குத்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. பெடியளை முன்னால் அனுப்பிவிட்டு நின்று கேட்டேன். "வாக்குகளை எண்ணிப் பார்த்தீர்களா?"

"எண்ணினேன். கிட்டக்கிட்ட இருக்கிறது."

"தோற்றால்?"

"வீடு சபையுடையது. ஆறு கிழமை தருவார்கள். பிறகு மெல்பேர்னில் மகள் வீடு."

"குழாயைத் திறந்தால் மூன்று மணித்தியாலத்தில் அந்தத் தொட்டி நிரம்பும்."

"உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், ஐயா," என்றார். "வெள்ளி தவறாமல் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கிறவர் நீங்கள்தானே."

முதல் மாதத்திலேயே கண்டுவிட்டாராம். ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், வழக்கமாக எண்ணும் காலடியை எண்ண மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு இருபதுக்குச் சபைச் செயலாளர் அம்மா தகரத்தைத் திறந்தார். கடதாசியை ஒவ்வொன்றாக விரித்துச் சத்தமாகப் படித்தார். நான் கொப்பியை மடியில் வைத்து இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். என் பக்கத்துக் கதிரைகளில் நேசனும் மற்ற ஏழு பேரும் என் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் முன்வரிசையில், இறங்கிய தோள் எங்கள் பக்கமாக, திரும்பிப் பார்க்காமல் இருந்தார். தகரம் வெறுமையானதும் அம்மா அதைக் கவிழ்த்தும் காட்டினார்.

வைத்திருக்க இருபத்தாறு. அனுப்ப இருபத்தொன்பது. திரும்ப எண்ணச் சொல்ல எனக்கு உரிமையில்லாதபடியால் கொப்பியில் திரும்ப எண்ணினேன். அவர் தோற்றது மூன்று வாக்கால்.